வீடா, சானடோரியமா?

காச நோயை நம் முன்னோர் சயரோகம் என்றும் எலும்புருக்கி என்றும் அழைத்தனர். 'டி.பி.' என்றால் இன்று எல்லோருக்கும் புரியும். 1950-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் ஒருவருக்கு இந்நோய் கண்டால், வசதி இருப்பின், மருத்துவர்கள் காட்டிய வழி சானடோரியம்தான். அங்கே நல்ல காற்று, பால், முட்டை, முழு ஓய்வு இவற்றுடன் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில், படுத்திருக்க வேண்டும். தாம்பரம், பெருந்துறை, ஆந்திரத்தின் மதனப்பள்ளி ஆகிய ஊர்களில் இத்தகைய நிலையங்கள் இருந்தன. சென்னைக் கடற்கரையிலிருந்து மின்ரயிலில் தாம்பரம் செல்வோர், அதற்கு முந்திய நிலையத்தின் பெயரே 'தாம்பரம் சானடோரியம்' என்பதைக் கவனித்திருப்பார்கள்.

ஆனால் நாட்டில் காச நோயாளிகள் பல லட்சம் பேர் இருந்தனர். படுக்கைகளோ அவர்களில் மிகச் சிறு பகுதியினருக்கே போதும். இடம் கிடைக்காதவர்கள் என்ன செய்வது? இதற்குள் ஸ்ட்ரெப்டோமைசின், பி.ஏ.எஸ்., ஐசோனியாசிட் என்ற மருந்துகள் வந்துவிட்டன. கடைசியாகச் சொன்னது 1952-இல் பயனுக்கு வந்தது, விலையும் மலிவு. கிருமியைக் கொல்வது மருந்துதான் என்றால், அதை வீட்டிலிருந்தே சாப்பிட்டால் என்ன?

"கூடாது" என்றனர் பலர். ஏழையின் வீட்டில் காற்று இல்லை, போதிய உணவு இல்லை, ஓய்வு இல்லை. ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் வீட்டில் நோயாளி இருமினால் குழந்தைகளின் கதி என்ன? இந்த அச்சம் நியாயமானதே. "மருந்து போதும்" என்றவர்களின் வாதமும் நியாயமானதே. இரண்டு நியாயங்களில் எது உண்மை என்று எப்படி முடிவு செய்வது?

அனுபவம் மிக்க மருத்துவர் ஒருவரைக் கேட்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அவரிடம் திரும்பத் திரும்ப வருபவர்கள் குணமாகாதவர்கள். குணமானவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், இறந்தவர்களும் வரமாட்டார்கள். அவர் நினைவில் தங்குவது ஒரு பகுதிதான். சரி, பழைய பதிவேடுகளை எடுத்து, சானடோரியத்தில் இருந்தவர்களையும் வீட்டில் இருந்தவர்களையும் ஒப்பிடலாமா? அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. சானடோரியத்துக்குப் போனவர் யார்? ஒருவேளை வசதி படைத்தவர். அல்லது நோய் முற்றியவர் என்று மருத்துவரே பார்த்து அனுப்பியவர். முதல் வகையினர் மிகுதியாக இருந்தால் சானடோரியம் நல்லதாகத் தோன்றும். இரண்டாம் வகையினர் மிகுந்திருந்தால் அதுவே தீயதாகத் தோன்றும். இரண்டிலுமே நாம் அளந்தது சானடோரியத்தை அன்று, அங்கே சென்ற ஆட்களை.

இதை வகுப்பறையிலேயே செய்து பார்க்கலாம். உங்கள் வகுப்பில் 40 மாணவர்கள் இருப்பதாகக் கொள்வோம். முன் பெஞ்சுகளில் இருப்போரின் சராசரி உயரத்தையும் பின் பெஞ்சுகளில் இருப்போரின் சராசரி உயரத்தையும் கணக்கிடுங்கள். உயரமானவர்களை ஆசிரியர் பின்னால் உட்கார வைத்திருப்பார். வேறுபாடு பளிச்சென்று தெரியும். பின் பெஞ்சில் உட்கார்ந்தால் உயரம் வளரும் என்று இதிலிருந்து யாரும் முடிவு கட்டமாட்டார்கள். இப்போது 40 பெயர்களையும் சீட்டுகளில் எழுதி, ஒரு டப்பாவில் போட்டு நன்றாகக் குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு 20 சீட்டுகளை எடுங்கள். எடுத்த 20 பேரின் சராசரி உயரமும் டப்பாவில் மிஞ்சிய 20 பேரின் சராசரி உயரமும் பெரும்பாலும் அருகருகே இருக்கும். உயரம் மட்டுமா? எடை, வயது, வீட்டு வருமானம், கணக்கில் வாங்கும் மதிப்பெண், நீங்கள் அளக்க நினைக்காத இன்னும் எத்தனையோ பண்புகளும் ஏறக்குறைய சமமாகப் பிரிந்திருக்கும். ஆறே பெயர்களை வைத்து மூன்று மூன்றாகப் பிரித்தால் இந்த ஒழுங்கு வராது. அதையும் செய்து பாருங்கள். குலுக்கல் நேர்மையாக வேலை செய்ய ஆட்கள் நிறைய வேண்டும்.

இந்த எளிய உபாயத்தை மருத்துவத்தில் முறையாகப் புகுத்திய புகழ் பெற்ற ஆய்வு, பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசினைச் சோதித்த ஆய்வாகும். அதன் முடிவு 1948-இல் வெளியாயிற்று. திட்டம் வகுத்தவர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்ற புள்ளியியலாளர். அந்நாளில் அங்கே மருந்து மிகக் கொஞ்சமே இருந்தது. எல்லோருக்கும் கொடுக்க வழியில்லை. ஆகவே 107 நோயாளிகளை மூடிய உறைகளின் உதவியால் இரண்டாகப் பிரித்தனர். 55 பேருக்கு மருந்தும் ஓய்வும். 52 பேருக்கு அக்காலத்தில் வழக்கமாக இருந்த படுக்கை ஓய்வு மட்டும். ஆறு மாதங்களில் முதல் பிரிவில் 4 பேரும் இரண்டாம் பிரிவில் 14 பேரும் இறந்தனர். எக்ஸ்ரே படங்களைப் பார்த்து மதிப்பிட்டவர்களுக்கு எந்தப் படம் எந்தப் பிரிவினருடையது என்பதே தெரியாது. தெரிந்திருந்தால் மருந்து சாப்பிட்டவரின் படம் சற்றுத் தெளிவாகத் தோன்றியிருக்கும். மனிதக் கண் அப்படிப்பட்டது.

இனிச் சென்னைக்கு வருவோம். 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து சென்னையில் காச நோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. (சேத்துப்பட்டில் இன்று தேசியக் காச நோய் ஆராய்ச்சி நிலையம் என்று வழங்குவது இதுவே.) முதல் தலைமை ஆய்வாளர் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ். நகரின் ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியை ஓராண்டு சானடோரியத்திலும் மறு பாதியை அவரவர் வீட்டிலும் வைத்துச் சிகிச்சை அளித்தனர். இரு பிரிவுக்கும் மருந்து ஒன்றே: ஐசோனியாசிடும் பி.ஏ.எஸ்.ஸும்.

முடிவு 1959-இல் வெளிவந்தது. ஓராண்டின் இறுதியில் சானடோரியப் பிரிவில் நூற்றுக்கு 92 பேரிடம் நோய் அடங்கியிருந்தது. வீட்டுப் பிரிவில் நூற்றுக்கு 86 பேரிடம். ஆறு விழுக்காடு வேறுபாடு என்றதும், "சானடோரியம் வென்றது" என்று கூற அவசரப்பட வேண்டாம். ஒவ்வொரு பிரிவிலும் ஏறத்தாழ எண்பது பேர்தான். எண்பதில் ஆறு விழுக்காடு என்றால் ஐந்து ஆட்கள். சீட்டுக் குலுக்கலில் தற்செயலாகவே ஐந்து பேர் இப்படியும் அப்படியும் மாறக்கூடும். சானடோரியத்தார் நல்ல உணவு உண்டு கூடுதலாக எடை ஏறியிருந்தனர் என்பது உண்மை. ஆனால் கிருமி ஒழிந்ததில் பெரிய வேறுபாடு இல்லை. குழந்தைகளைப் பற்றிய அச்சம்? நோயாளிகளின் குடும்பத்தாரையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தனர். வீட்டில் சிகிச்சை பெற்றோரின் குடும்பங்களில் நோய் கூடுதலாகத் தோன்றவில்லை. தொற்று பெரும்பாலும் மருந்து தொடங்குவதற்கு முன்பே நிகழ்ந்துவிடுகிறது. மருந்து தொடங்கியபின் அது விரைவில் குறைந்துவிடுகிறது. உலகம் முழுவதும் சானடோரியங்கள் படிப்படியாக மூடப்பட்டதற்கு இச்சென்னை ஆய்வு ஒரு முக்கிய காரணம். தாய்மார்கள் குழந்தைகளைப் பிரிந்து ஓராண்டு படுத்திருக்க வேண்டிய நிலை நீங்கியது.

குலுக்கல் முறைக்கு நிகர் இல்லை என்று சொல்லிவிடலாமா? கொஞ்சம் பொறுங்கள். அந்தச் சென்னை வீடுகளுக்கு ஆய்வு மையத்தின் ஊழியர்கள் முன்னறிவிப்பின்றிச் சென்றார்கள். மிஞ்சிய மருந்தை எண்ணினார்கள். மருந்து உள்ளே போயிற்றா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். ஒரு சாதாரண மாவட்ட மருத்துவமனையில் இத்தனை கவனிப்பு ஏது? பி.ஏ.எஸ். நிறைய விழுங்க வேண்டிய, வயிற்றைப் புரட்டும் மருந்து. உடம்பு தேறியதும் அதை நிறுத்திவிட யாருக்கும் ஆசை வரும். 'இந்தச் சிகிச்சை பலிக்க முடியுமா?' என்ற கேள்விக்குச் சென்னை ஆய்வு உறுதியான விடை தந்தது. 'ஊரில் எல்லோருக்கும் கொடுத்தால் பலிக்குமா?' என்பது வேறு கேள்வி. அதற்கு விடை அந்த ஆய்வுக்குள் இல்லை.

ஊரில் நோயாளிகள் எத்தனை பேர் என்பதும் குலுக்கல் ஆய்வால் தெரியாது. அதற்கு எண்ணிப் பார்க்க வேண்டும். 1955 முதல் 1958 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு எக்ஸ்ரே வண்டிகளை நகரங்களுக்கும் கிராமங்களுக்கும் அனுப்பி மாதிரிக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. காச நோய் நெரிசல் மிகுந்த நகரத்தின் நோய் என்றே அதுவரை பலர் எண்ணியிருந்தனர். கணக்கெடுப்போ, கிராமத்திலும் அது ஏறக்குறைய அதே அளவில் இருப்பதைக் காட்டியது. நாட்டு மக்களில் பெரும்பாலோர் கிராமத்தார் அல்லவா? ஆகவே நோயாளிகளிலும் பெரும்பாலோர் கிராமத்தாரே. நகரத்தில் கிளினிக் திறந்தால் போதாது என்பது அன்று தெளிவாயிற்று.

கணக்கெடுப்பில் உயிர்நாடி எது தெரியுமா? எத்தனை பேரைப் பார்த்தோம் என்பதைவிட, யாரைப் பார்த்தோம் என்பதே. 1936-இல் அமெரிக்காவில் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற பத்திரிகை ஜனாதிபதித் தேர்தலை முன்னறிவிக்க ஒரு கோடி பேருக்கு அஞ்சலில் வாக்குச் சீட்டு அனுப்பியது. 23 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விடை எழுதினர். அதை வைத்து, லாண்டன் என்பவர் வெல்வார் என்று பத்திரிகை கூறியது. நடந்தது என்ன? 48 மாநிலங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் வென்றார்! தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் மோட்டார் வண்டிப் பதிவேட்டிலிருந்தும் பத்திரிகை முகவரிகளை எடுத்திருந்தது. பொருளாதார மந்தத்தில் நாடு தவித்த அந்நாளில் தொலைபேசியும் காரும் வைத்திருந்தோர் யார்? அன்றியும், விடை எழுத முனைந்தவர்கள் நான்கில் ஒரு பகுதியினரே. எழுதாதவர்களின் எண்ணம் அப்படியே மறைந்துபோயிற்று. காச நோய்க் கணக்கெடுப்பிலும் இதே கண்ணி உண்டு. எக்ஸ்ரே வண்டி வந்த அன்று எழுந்து நடக்க முடியாமல் வீட்டில் கிடந்தவரை எண்ணாமல் விட்டால், எண்ண வேண்டியவரையே விட்டுவிட்டோம்.

அடுத்த கேள்வி இன்னும் சுவையானது. கிராமத்தில் இத்தனை நோயாளிகள் இருக்கிறார்களே, அவர்கள் ஏன் சிகிச்சைக்கு வரவில்லை? "அறியாமை! தமக்கு நோய் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. நாம்தான் எக்ஸ்ரே வண்டியுடன் ஊர் ஊராகப் போய்த் தேடிப்பிடிக்க வேண்டும்" என்று படித்தவர்கள் எண்ணினர். பெங்களூரில் தொடங்கப்பட்ட தேசியக் காச நோய் நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் பானர்ஜியும் டாக்டர் ஆண்டர்சனும், எண்ணும் வேலையோடு நில்லாமல், கேட்கும் வேலையையும் சேர்த்துக்கொண்டனர். தும்கூர் மாவட்டக் கிராமங்களில் நோய் கண்டறியப்பட்டவர்களிடம் சமூக ஆய்வாளர்கள் போய் உட்கார்ந்து பேசினார்கள். உங்களுக்கு இருமல் உண்டா? எத்தனை நாளாக? அதைப் பற்றிக் கவலைப்பட்டீர்களா? எங்கே போனீர்கள்? அங்கே என்ன கொடுத்தார்கள்?

1963-இல் வெளியான விடை பலரைத் தலைகுனிய வைத்தது. மிகப் பெரும்பாலான நோயாளிகள் தம் உடம்பில் ஏதோ கோளாறு என்பதை நன்றாக அறிந்திருந்தனர். பாதிக்கு மேற்பட்டோர் தாமாகவே ஏதேனும் ஒரு மருத்துவ நிலையத்துக்குப் போயும் இருந்தனர். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது ஒரு பாட்டில் இருமல் மருந்து. சளியைச் சோதிக்க யாருக்கும் தோன்றவில்லை! வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, வராதவரைத் தேட வண்டி வாங்கும் திட்டம் போட்டிருந்தோம். இருமலுடன் சுகாதார நிலையத்துக்கு வருவோரின் சளியை அங்கேயே நுண்நோக்கியில் பார்க்க வேண்டும் என்பது 1962-இல் தொடங்கிய தேசியக் காச நோய்த் திட்டத்தின் அடிப்படையாக அமைந்ததற்கு இந்த ஆய்வு வழி செய்தது. நோயாளியின் வாயைத் திறக்கவிடாத எந்தக் கருவியும் இந்த உண்மையைக் கண்டிராது என்பது என் கருத்து.

ஆனால் கேட்டறிவதற்கும் குறை உண்டு. மனிதர்கள் மறப்பார்கள். கேட்பவர் சட்டையும் பேனாவும் கண்டு, அவர் விரும்பும் விடையைச் சொல்வார்கள். "மருத்துவரிடம் போகவில்லையா?" என்று கேட்பதற்கும் "இருமல் வந்தபோது என்ன செய்தீர்கள்?" என்று கேட்பதற்கும் கிடைக்கும் விடைகள் ஒன்றாயிரா. முதற் கேள்வியில் குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது.

சில கேள்விகளுக்குச் சீட்டுக் குலுக்கவே கூடாது. புகைப்பது காச நோயாளியைக் கொல்லுமா? இதை அறிய ஆயிரம் இளைஞர்களைப் பிரித்து, "நீங்கள் முப்பது ஆண்டு பீடி குடியுங்கள், மற்றவர்கள் குடிக்காதீர்கள்" என்று சொல்ல முடியுமா? நடந்து முடிந்ததிலிருந்துதான் பின்னோக்கிப் போக வேண்டும். டாக்டர் கஜலட்சுமியும் ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்டு பீட்டோவும் அவர்களின் குழுவினரும் தமிழ்நாட்டில் இதைச் செய்தனர். சென்னையிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் இறந்த 43,000 ஆண்களின் வீடுகளுக்கு ஆட்கள் சென்று, அவர்கள் எதனால் இறந்தனர், புகைத்தனரா என்று விசாரித்தனர். உயிரோடு இருந்த 35,000 ஆண்களின் பழக்கத்தையும் கேட்டு ஒப்பிட்டனர். 2003-இல் வந்த முடிவு: புகைத்தவர்கள் காச நோயால் இறப்பது புகைக்காதவர்களைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். புகையால் புற்றுநோய் வரும் என்று எச்சரிக்கிறோம். நம் நாட்டில் அது காச நோய் வழியாகவும் ஏராளமானோரைக் கொல்வது அப்போதுதான் எண்ணிக்கையில் தெரிந்தது.

எளிதாக ஒப்புக்கொள்ளாமல் எதிர்க்கேள்வி கேட்டுப் பாருங்கள். பீடி குடிப்போர் ஏழைகள் அல்லவா? ஏழைகளுக்குக் காச நோய் மிகுதி அல்லவா? பீடியின் மேல் போடும் பழி வறுமையைச் சேர்ந்ததாக இருக்கலாமே! ஆய்வாளர்களும் இதைக் கேட்டுக்கொண்டனர். ஆகவே ஒரே வயதும் ஒரே அளவு படிப்பும் உள்ளவர்களுக்குள் ஒப்பிட்டுக் கணக்கிட்டனர். அப்போதும் மடங்கு பெரிதாகவே இருந்தது. ஆயினும், இம்முறையில் நாம் நினைத்துப் பார்த்த காரணங்களைத்தான் விலக்க முடியும். நினைக்காத காரணத்தையும் சேர்த்துச் சமமாக்கும் வித்தை சீட்டுக் குலுக்கலுக்கே உண்டு. அதனால்தான் பின்னோக்கு ஆய்வை ஒன்றோடு விடாமல், வேறு ஊர்களில், வேறு முறைகளில் திரும்பச் செய்து பார்க்கின்றனர்.

அப்படியானால் பெரிய குலுக்கல் ஆய்வு ஒன்று நடத்திவிட்டால் பேச்சு முடிந்தது என்று எண்ணுகிறீர்களா? பி.சி.ஜி. தடுப்பூசியின் கதையைக் கேளுங்கள். பிரிட்டனில் 1950-களில் பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்த பெரிய சோதனையில் பி.சி.ஜி. காச நோயை நூற்றுக்கு ஏறத்தாழ எண்பது பங்கு தடுத்தது. அமெரிக்காவின் தென்பகுதிச் சோதனைகளிலோ அது அநேகமாகத் தடுக்கவே இல்லை. இரண்டில் எது சரி என்று தீர்க்க 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், உலகில் நடந்த தடுப்பூசிச் சோதனைகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்று தொடங்கிற்று. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் குலுக்கல் முறையில் பி.சி.ஜி. ஊசியோ மருந்தில்லாத வெற்று ஊசியோ போடப்பட்டது. எது யாருக்கு என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. ஏழரை ஆண்டு கழித்துப் பார்த்தபோது, நுரையீரல் காச நோயைத் தடுப்பதில் பி.சி.ஜி.க்கும் வெற்று ஊசிக்கும் வேறுபாடு இல்லை! பதினைந்து ஆண்டுக் கணக்கு 1999-இல் வெளியானபோதும் நிலைமை அதுவே.

பிரிட்டன் சோதனையும் பிழையன்று, செங்கல்பட்டுச் சோதனையும் பிழையன்று. இடம் வேறு. வெப்ப நாடுகளில் மண்ணிலும் நீரிலும் காச நோய்க் கிருமிக்கு உறவான, தீங்கற்ற நுண்ணுயிர்கள் நிறைய உள்ளன. அவற்றோடு சிறு வயதிலிருந்தே பழகிய உடலில் பி.சி.ஜி. புதிதாகச் சேர்ப்பது சிறிதே என்பது பலர் தரும் விளக்கம். எத்தனை செம்மையாகச் செய்த ஆய்வானாலும் அது நடந்த ஊரையும் ஆட்களையும் பற்றித்தான் நேராகப் பேசுகிறது.

செங்கல்பட்டு முடிவு வந்ததும், "இனி ஏன் பி.சி.ஜி.?" என்று சிலர் கேட்டனர். அச்சோதனை முதன்மையாகத் தேடியது சளியில் கிருமி காணும் நுரையீரல் நோயை. அது பெரியவர்களின் நோய். பச்சிளங் குழந்தைகளைக் கொல்வதோ மூளையுறையைத் தாக்கும் காச நோய். அது அரிதாக வருவது. குலுக்கல் முறையில் அதைச் சோதிக்க எத்தனை லட்சம் குழந்தைகள் வேண்டுமோ! இங்கே கைகொடுத்தது பின்னோக்கு முறை. இந்நோய் கண்ட குழந்தைகளில் எத்தனை பேருக்குக் கையில் பி.சி.ஜி. தழும்பு இருக்கிறது, நோயற்ற குழந்தைகளில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று பல நாடுகளில் எண்ணினர். நோய் கண்ட குழந்தைகளிடம் தழும்பு மிகக் குறைவாக இருந்தது. நம் நாட்டில் இன்றும் பிறந்த குழந்தைக்கு முதலில் போடும் ஊசிகளில் பி.சி.ஜி. ஒன்று. உங்கள் இடது தோளின் மேற்பகுதியைப் பாருங்கள். பெரும்பாலோருக்கு அந்தச் சிறு வட்டத் தழும்பு இருக்கும்.